முகத்துவாரம் அடைத்த கல்

அவையை ஆளும் ஊர்த்தலைவர் ஆதிகேசவன் அவர்களே, அருகமர்ந்த பெரியோர்களே, ஏரியிலிருந்து கரையேறி ஈரம் காயும் முன்னே வந்தமர்ந்த தாய்மார்களே! பழவேற்காட்டில் பிறந்து, வயிற்று அறுவை மருத்துவராய் வாழும் சுராயாவின் வணக்கம்.

வயிற்றைப் பற்றி மேடையில் பேசலாமா என்றார் தலைவர். வயிற்றுக்காகத்தானே ஐயா ஏரியில் இறங்குகிறோம்?

ஹேமாவதியை அறிவீர்கள். இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வி, குனிந்து, கையால் தடவி இறால் பிடிப்பவர். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். சென்ற மாதம் மேல்வயிற்றில் வலி. முதுகுவரை துளைத்த வலி. படுத்தால் கூடியது, ஏரியில் குனிந்தால் குறைந்தது. உடனே ஊரே மருத்துவரானது! "தண்ணில எறங்குனா சரியாப்பூடுது, ஒண்ணுமில்ல" என்று சொன்னது. சிரிக்கிறீர்கள், சொன்னவர்களும் சிரிக்கிறார்கள்! குணமாக்கியது ஏரியா? இல்லை. கணையம் புண்பட்டால், குனியும்போது வலி சற்றுத் தணியும். வலி தணிந்தது, நோய் தணியவில்லை. வாந்தியில் பறி வாய்நழுவிய பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

கணையம்னா இன்னா என்கிறார் பின்வரிசையில் ஒருவர். இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் சுரப்பி ஐயா. உண்ட மீனைக் கரைக்கும் நொதிகள் அங்கே உறங்கும். குடலுக்கு வந்தபின்தான் விழிக்கும். கல்லீரலின் பித்தநீரும் கணையநீரும் குடலில் சேர்வது பெரும்பாலும் ஒரே வாசலில். ஏரி கடலில் சேரும் நம் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் என்னாகும்? உங்களுக்கா சொல்ல வேண்டும்! ஹேமாவதியின் பித்தப்பைக் கல்லொன்று அவ்வாசலை அடைத்தது. போக வழியில்லாத நொதி உள்ளேயே விழித்தது, கணையத்தையே கரைத்தது! பித்தநீரில் இயல்பாக அந்தக் கணைய நொதி இருக்காது. ஆனால் சிலரது பித்தநீரில் அதைக் கண்டிருக்கிறார்கள். நீர்கள் தடம்மாறிக் கலந்ததற்கு அது அடையாளம். அந்தக் கலப்புக்கு நோயில் எவ்வளவு பங்கு? அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

கல் தானாக நகர்ந்தது, ஹேமாவதி பிழைத்தார். ஆனால் பித்தப்பையில் இன்னும் கற்கள்! அடுத்தது அடைத்தால் உயிர் மிஞ்சுமா? தெரியாது. அறுவைக்கு நாள் குறித்தேன், வரவில்லை. ஏனம்மா?

அவர் பதில் மைக்கில் விழவில்லை, நானே சொல்கிறேன். "வலியே இல்லியே டாக்டரம்மா, இன்னாத்துக்கு அறுக்கணும்? எறால் வர்ற நேரம் வேற" என்கிறார். வலி இல்லாத நாளில்தானம்மா அறுக்க வேண்டும்! வலி வந்தபின் நாள் குறிப்பது நாமல்ல.

அதோ, அவர் கணவர் கோதண்டம் எழுந்துவிட்டார். "பறிய நான் கவ்விக்கிறேன், இவ வருவா" என்கிறார். "ஒனக்குப் பல்லு ஏது?" என்கிறார் மனைவி! சிரிக்காதீர்கள், அவர் இன்னும் உட்காரவில்லை. "இருக்கிற பல்லுல கவ்விக்கிறேன். நீ இருந்தா போதும்."

அவையோரே, நான் பேச வந்ததைக் கோதண்டம் பேசிவிட்டார். கைதட்டலை அவருக்குத் தாருங்கள். செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.