பவுடர் பூசிய விளிம்பு

இந்த எறும்புகளுக்கு இரை கொடுப்பது பெரிய வேலை இல்லை, மேடம். உயிருள்ள கரையானோ சின்ன வெட்டுக்கிளியோ போட்டால் போதும், மற்றதை அவை பார்த்துக்கொள்ளும். ஈரத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை. கொஞ்சம் காய்ந்தால் முட்டை சுருங்கும், கொஞ்சம் கூடினால் பூஞ்சை பிடிக்கும். கைக்குழந்தை இருக்கிற வீடு மாதிரி எந்நேரமும் ஒரு காதை அந்தப் பக்கமே வைத்திருக்க வேண்டும்.

நம் எறும்பு ஆய்வுக் கட்டுரையிலிருந்து என் பெயரை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்று நேற்று கேட்டீர்கள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். தலை வலிக்கவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்க எனக்கு வாய் வராது.

நம் ஆய்வுக்கூடத்தில் முதல் கூட்டம் செத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். மழைக்காட்டில் அவ்வளவு பாடுபட்டுத் தோண்டி எடுத்தவை, இன்னும் ஒழுங்காகப் பெயர்கூட வைக்கப்படாத இனம், ஏசி அறையில் ஒவ்வொன்றாகக் கால் மடங்கிக் கிடந்தன. அடுத்த கூட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றபோது சிரித்தீர்கள். எங்கள் பின்னறைச் சுவரில் வருடம் முழுக்க ஓதம். வெள்ளையடித்தால் பொருக்குப் பொருக்காக உதிரும், துணி வைத்தால் நாற்றம் பிடிக்கும். அந்தச் சுவருக்கு வெட்கப்பட்டே நான் பள்ளித்தோழி ஒருத்தியையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அந்த ஓதத்தில்தான் உங்கள் எறும்பு பிழைத்தது.

அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா துணி ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டுவார்கள். எந்த கவுண்டரில் நிற்பது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததற்குப் பெயர்தான் அது. வகுப்பே சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரிப்பதற்குப் பெயர் அது. நான் அப்படி முட்டி மோதிப் போன வழியில் என் தங்கை பின்னாலேயே கைவீசிக்கொண்டு வந்தாள். என் மேசை, என் புத்தகம், நான் கோடு போட்டு வைத்த வரிகள். எல்லாம் அவளுக்குத் தயாராக இருந்தன.

வீட்டில் அவளுக்குப் பெயர் கொசு. சின்ன உருவம், ஓயாத வாய், விரட்டினாலும் காதுக்கிட்டேயே சுற்றுவாள். எறும்புப் பெட்டி வந்த அன்றைக்கே அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இதுல ராணி எது, அக்கா?”

“ராணி கிடையாது. வேலைக்காரிங்கள்ல ஒருத்தி முட்டை போடுவா.”

“அப்ப வேலைக்காரியே முதலாளி ஆகலாமா? நம்ம அம்மாவ இங்க சேத்துவிடு.”

அடுத்தது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெட்டியை மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மேலே திறந்தே வைக்கிறோம். எறும்பு ஏறி வராமல் இருக்க, முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து, விளிம்பின் உள்பக்கம் ஒரு பட்டை பூசுகிறோம். காய்ந்தபின் அதில் எறும்பின் கால் வழுக்கும். எறும்புக்கும் நமக்கும் நடுவில் இருப்பது அந்தப் பட்டை மட்டும்தான். ஓத அறையில் அது சீக்கிரம் உரியும் என்பதால் தினமும் பூச வேண்டும். பூசுவது என் வேலை. உட்கார்ந்து பார்ப்பது கொசுவின் வேலை. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

வந்த கொஞ்ச நாளில் கொசு இரை போடும்போது ஒன்று அவள் விரலில் கொட்டியது. என்னை எத்தனையோ முறை கொட்டியிருக்கிறது, எரியும், அவ்வளவுதான். அவளுக்கு உதடு தடித்தது, கண் மூடிக்கொண்டது, மூச்சில் விசில் கேட்டது. தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஊசி போட்டுவிட்டு அவளிடம் பேசவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“இன்னொரு தடவ கொட்டிச்சுன்னா மூச்சே நின்னுரும்மா. விளையாட்டு இல்ல. அந்தப் பக்கமே விடாதீங்க.”

திரும்பி வரும்போது கொசு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொல்லிராதக்கா. பெட்டியத் தூக்கி ரோட்டுல வீசிரும்.”

“இனிமே நீ கிட்டயே போகக்கூடாது.”

“முழங்கை வரைக்கும் கையுறை போட்டுக்கறேன். விளிம்ப நீ பாத்துக்க. நீ பூசினா ஒண்ணும் தாண்டாது.”

சரி என்றேன். ஆக, டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

பெட்டித் தரையில் தூசு மாதிரித் துணுக்குகள் கிடக்கும். இரையின் மிச்சம் என்று நினைத்துத் தூரிகையால் கூட்டித் தள்ளிவிடுவேன். மாதக்கணக்கில் தள்ளியிருக்கிறேன். கொசுதான் பூதக்கண்ணாடியோடு குனிந்து கிடந்து அது என்ன என்று கண்டுபிடித்தாள்.

“இங்க பாரு. இப்பப் பொறந்த பிள்ளைக்கு முதுகுல மொட்டு மாதிரி இருக்கா? பெரியக்கா வந்து அதக் கடிச்சு எடுக்குது.” முட்டை போடுகிற எறும்புக்கு அவள் வைத்த பெயர் பெரியக்கா. “மொட்டு போச்சுன்னா அது பெட்டிப் பாம்பா அடங்கிருது. அதுக்கப்புறம் முட்டையே போடாது. சாகற வரைக்கும் மத்தவளுக்கு வேலைதான்.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “ஏன் அப்படிப் பாக்குற? நான் உன்னச் சொல்லல.”

இருவரும் சிரித்தோம். நான் நிஜமாகவே சிரித்தேன்.

அதைப் பார்க்கத்தான் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஓதச் சுவரில் சேலை படாமல் ஒதுங்கி உட்கார்ந்து, கொசு காட்டக் காட்டப் பார்த்தீர்கள். எழுந்திருக்கும்போது அவள் கன்னத்தைத் தட்டி, “உனக்குக் கண்ணு இருக்கும்மா. படிப்பு முடிச்சதும் நேரா என்கிட்ட வந்துரு. அக்கா மாதிரி சுத்தி வளைச்சு வர வேண்டாம்” என்றீர்கள். வாசலில் என்னிடம், “நீ நல்ல உழைப்பாளி” என்றீர்கள். உழைப்பாளி என்பது எங்களைப் போன்றவர்களுக்கென்று உங்களைப் போன்றவர்கள் எடுத்துவைத்திருக்கிற சொல். கண் இருக்கிறது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. எனக்கு இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கூட்டித் தள்ளியவள் நான்தானே.

அம்மா அன்று சந்தோஷத்தில் வாய்விட்டே சொன்னாள்: “பெரியவ வண்டிய இழுத்தா, சின்னவ ஜம்முனு ஏறி உக்காந்துட்டா.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருவரையும் ஒரே கையால் அணைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

உங்கள்மேல் பழி போட இதையெல்லாம் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியான வார்த்தையை ஆயிரம் பேர் ஆயிரம் பேரிடம் சொல்கிறார்கள். கேட்டவர்கள் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். எறும்பைக் காட்டித் தப்பிக்கவும் நான் வரவில்லை. எறும்புக்கு வெட்கம் கிடையாது. எனக்கு உண்டு. பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதில்லை, அந்த அளவுக்கு உண்டு.

ஈரத்தில் பவுடர் உரிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னேன். நடக்கக்கூடியதுதான் என்று நீங்களும் தலையாட்டினீர்கள். பூச மறந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, “உனக்கும் எத்தன வேலைதான்டி” என்றாள். அம்மாவிடம் சொன்னது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்ததால் அதைச் சொன்ன அன்று எனக்குத் தூக்கம்கூட வந்தது.

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா ஓவர்டைமுக்குப் போயிருந்தாள், அப்பா லோடு ஏற்றப் போயிருந்தார். காலையிலேயே கையுறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். அழுக்காகத்தான் இருந்தன. பிறகு ஒரு துணியை நனைத்து விளிம்பை உள்பக்கமாகச் சுற்றித் துடைத்தேன். பூதக்கண்ணாடி பிடிக்க அவள் முழங்கையை ஊன்றுவாளே, அந்தப் பக்கத்தைத் திரும்பவும் ஒருமுறை துடைத்தேன்.

கொசு சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

“அக்கா, கையுறை சொதசொதன்னு இருக்கு.”

“காயட்டும்.”

“அப்ப சும்மா உக்காந்து பாக்கறேன். ஒரு பிள்ள வெளிய வர்ற மாதிரி இருக்கு, பெரியக்கா சுத்திக்கிட்டே இருக்குது. விளிம்பு பூசிட்டியா?”

“பூசிட்டேன்.”

அதற்குப்பிறகு அவள் விளிம்பைப் பார்க்கவில்லை. நான் சொன்ன பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

அவளைச் சாகடிக்க நான் நினைக்கவில்லை. ஒரு கொட்டு வாங்கிப் பயந்தால் போதும், எறும்பை விட்டுவிட்டு வேறு ஏதாவது படிப்பாள், உங்களிடம் வர மாட்டாள், அவ்வளவுதான் நினைத்தேன். இந்த வாக்கியம் எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள். எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பழகியது. டாக்டர் சொன்னது அதில் எங்கேயும் வராது.

நான் பின்னறைக்குப் போனபோது பெட்டிக்கு வெளியே எறும்புகள் நடந்துகொண்டிருந்தன. அவள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். பூதக்கண்ணாடி கையிலேயே இருந்தது. பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் செருப்பில்லாமல் ஓடினேன். அந்தச் செருப்பில்லாத காலைத்தான் தெருவே பார்த்தது. அக்கான்னா இவதான் அக்கா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

உயிர் வந்துவிட்டது. மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரத்தில் போனது திரும்பி வரவில்லை. இடது கை தூக்க வராது. ஒரு சொல்லைத் தேடி எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆகிறது. அந்த ஓயாத வாய், மேடம். வெளியாட்கள் வந்தால் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். நான் ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள். நான் போனால் என்கூட வருவாள், உட்கார் என்றால் உட்காருவாள். அம்மா அவளை என்னிடம் விட்டுவிட்டு நிம்மதியாக ஆலைக்குப் போகிறாள்.

பெட்டியை வெளியே போட அவள் விடவில்லை. தினமும் காலையில் அதன் பக்கத்தில் போய் நிற்கிறாள். முன்பு போலக் குனிவதில்லை. சொல்லைத் தேடித் தேடி, “பூசி... பூசிட்டியாக்கா?” என்று கேட்கிறாள். பூசிட்டேன் என்கிறேன். சிரிக்கிறாள். இப்போது உண்மையாகவே பூசுகிறேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

கட்டுரையில் அவள் பெயர் மட்டும் இருக்கட்டும். பார்த்தது அவள். இந்த இனத்தில் மொட்டைக் கடித்து எடுப்பதை முதலில் பார்த்தது அவள். அம்மாவிடம் யார் சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். போலீசுக்கென்றாலும் வருகிறேன்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் வரும்போது நினைத்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், குழாய்ச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நம்பினார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டால் எங்கள் குழாய் அப்படித்தான் இரையும். சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு திரைதான் தொங்குகிறது.

அவள் முதல் தடவை அக்கா என்று கூப்பிட்டபோது குழாய் மூடியிருந்தது. அதற்குப் பிறகுதான் திறந்தேன்.