பதினேழாம் நம்பர் ஆளு

இல்ல சார், நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஜன்னல் வழியா கர்சீப் போட்டுப் புடிச்ச சீட்டுக்கு ஒரு மரியாதை உண்டா இல்லியா? சிதம்பரம் ஸ்டாண்டுல பஸ்ஸு நிக்கறதுக்குள்ள ஓடியாந்து, எக்கி, ஊதாக் கட்டம் போட்ட கர்சீப்ப இதே ஜன்னல்ல உட்டு, இதே சீட்டுல போட்டுட்டுத்தான் டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா நீங்க! கர்சீப்பக் காணும். ஒண்ணும் கெடக்கலன்றீங்க... சரி, சரி, உடுங்க. அதான் எடம் குடுத்துட்டீங்களே. நான் அவ்ளோ சத்தம் போட்டும் ஒரு வார்த்த திருப்பிப் பேசாம நவுந்து குடுத்துட்டீங்க. அதுதான் சார் எனக்கு ஆவ மாட்டேங்குது. சண்டைக்கு வர்ற ஆள சமாளிச்சிருவேன். பேசாம எந்திரிக்கிற ஆளப் பாத்தா என் மச்சான் ஞாபகம் வந்துருது.

மச்சான்னா, என் சம்சாரம் மங்கலத்தோட தம்பி, அருள்முருகன். கடலூர் மஞ்சக்குப்பத்துல வீடு. அங்கதான் போறேன் இப்ப. மூணு வருஷமாப் பேச்சு வார்த்த இல்ல. நீங்க எங்க, கடலூரா? நல்லதாப் போச்சு, ஒரு மணி நேரம் இருக்கு.

என் பேரு திருநாவுக்கரசு. காலேஜுல தத்துவம் நடத்துறேன். சிரிக்காதீங்க, சம்பளம் குடுக்குறாங்க. எதுக்குங்கறீங்களா? எது அறிவு, எது வெறும் நெனப்புன்னு பிரிச்சுக் காட்டுறதுக்கு. காண்டல், கருதல், உரைன்னு மூணு வழி. கண்ணால பாக்குறது, யூகிச்சுத் தெரிஞ்சுக்கறது, நம்பகமான ஆளு சொல்லிக் கேக்குறது. ஞாபகத்த இதுல சேக்க மாட்டாங்க. ஐயம், திரிபு, நினைப்பு மூணும் வெளிய நிக்கணும்னு அந்தக் காலத்துப் பெரியவங்க எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க. நான் உட்டனா? ஞாபகத்தையும் உள்ள சேக்கணும்னு முன்னூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்குனவன் சார் நான்!

ஆங்... மச்சான். ரெண்டாயிரத்து நாலு, சுனாமி அன்னிக்கு, நானு, மங்கலம், மச்சான் மூணு பேரும் தேவனாம்பட்டினம் பீச்சுல இருந்தோம். கிறிஸ்துமஸ் லீவுக்கு அவரு வீட்டுக்கு வந்தவங்க, காலைல காத்து வாங்கப் போனோம். தண்ணி வந்துச்சு. மச்சான் என்ன பண்ணாருன்னா, என் வண்டிய எடுத்துகிட்டு ஒத்த ஆளா ஓடிட்டாரு. நான்தான் மார்பு வரைக்கும் தண்ணில மங்கலத்த இழுத்துகிட்டு வந்தேன். இத ஒரு கிரகப்பிரவேசப் பந்தில, எரநூறு பேரு சாப்புடுற எடத்துல சொன்னேன். சோத்துல கை வச்ச மனுஷன் அப்புடியே எல மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஒரு வார்த்த பேசல. உண்ம சுட்டுடுச்சுன்னு நெனச்சேன்.

இப்ப ஆவணில என் பொண்ணு ஜான்சிக்குக் கல்யாணம். ...ஆமா, ஜான்சிதான், ராணி மாதிரி இருக்கட்டும்னு வச்சது. மொத பத்திரிகை தாய்மாமனுக்குத்தான வைக்கணும்? மங்கலம் சொல்லிட்டா: "எந்தம்பி வந்து கையப் புடிச்சு அழைச்சுகிட்டு வராம எம்பொண்ணு மணவறையில ஒக்கார மாட்டா." பத்திரிகை அடிச்சு வந்து பதினஞ்சு நாளாச்சு, ஒரு வீட்டுக்கும் வைக்கல. அப்புடியே கட்டுப் பிரிக்காமக் கெடக்கு.

புதுச்சத்திரம் தாண்டிருச்சா? சரி, கேளுங்க.

போன பொதங்கெழம எங்க காலேஜுல கருத்தரங்கு. மனசு எப்புடி அறியுதுன்னு ஆராயிற காக்னிட்டிவ் சயின்ஸ் பத்தி. சைக்காலஜி ரேகா மேடம் பேசுறாங்க. சுனாமி முடிஞ்ச ஒரு மாசத்துல, அன்னிக்கு எங்க இருந்தீங்க, என்ன செஞ்சீங்கன்னு நாப்பது பேருகிட்ட எழுதி வாங்குனவங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஆளுங்களக் கூப்ட்டு, பழசக் காட்டாமத் திரும்ப எழுதச் சொன்னாங்க. நானும் ஒருத்தன். பதினேழாம் நம்பர். எழுதி முடிச்சதும், எவ்ளோ உறுதின்னு ஏழுக்கு மார்க் போடுங்கன்னாங்க. ஏழு போட்டுட்டு, எட்டு இல்லியாம்மான்னு கேட்டேன்.

அந்தம்மா மேடையில என்ன சொல்றாங்க? உறுதியா இருக்கறதுக்கும் சரியா இருக்கறதுக்கும் சம்பந்தம் ஜாஸ்தி இல்லியாம். பாதிப் பேருக்கு மேல கதைய மாத்தி எழுதியிருக்காங்களாம். நான் சும்மா இருந்துருக்கலாம்ல? இருந்தா அது நான் இல்லியே! எந்திரிச்சேன். "மேடம், மனசு எப்புடி வேல செய்யுதுன்னு நீங்க சொல்லுங்க. எத அறிவுன்னு ஒத்துக்கறதுன்னு நாங்க சொல்லிக்கறோம். ரெண்டும் வேற வேற"ன்னேன். கைதட்டுனாங்க சார். அதுல வந்த வெனை. "பதினேழாம் நம்பர் பேப்பர எடுங்க, அது நான்தான்"னேன். அவுங்க, "வேணாம் சார், தனியாப் பாத்துக்குங்க, யாரு எழுதுனதுன்னு வெளிய காட்டக் கூடாது"ன்னாங்க. "என் ரகசியத்துக்கு நானே அனுமதி குடுக்குறேன்"னு மைக்கப் புடுங்கிக்கிட்டேன்.

படிச்சேன். மொத ரெண்டு வரி கணீர்னு படிச்சேன்.

சுனாமி முடிஞ்ச மாசம் மொதல்ல எழுதிக் குடுத்தது. காப்பி பையிலதான் இருக்கு. மனப்பாடமே ஆயிடுச்சு. "தண்ணீர் வருவதைப் பார்த்ததும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். பாரதி ரோடு வந்த பிறகுதான் மங்கலம் பின்னால் இல்லை என்று தெரிந்தது. மச்சான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது."

என் கையெழுத்து சார். அந்தக் கொம்பு போடுற அழகு ஒலகத்துல வேற எவனுக்கும் வராது. அப்பவும் உட்டனா? "கையெழுத்து என்னுது, ஆனா நடந்தது இது இல்ல"ன்னு மைக்குலயே சொன்னேன். மண்டபமே சிரிச்சுது. ரேகா மேடம் மட்டும் சிரிக்கல.

வீட்டுக்கு வந்தா மங்கலம் வாழப்பூ ஆய்ஞ்சிகிட்டு இருக்கா. பேப்பர நீட்டுனேன். வாங்கவே இல்ல. "இதத்தான் நாலு வாட்டி சொன்னேன். ‘நீ பயத்துல இருந்த, உனக்கு என்ன தெரியும், நான் கண்ணால பாத்தவன்’னீங்க"ன்னா. பாருங்க சார், தூக்கிட்டு வரப்பட்டவளே சாட்சி. அவ பேச்சத் தள்ளிட்டேன். அவளது வெறும் உரை, என்னுது காண்டல்! படிச்ச படிப்பு எதுக்கு ஒதவுச்சு பாத்தீங்களா?

பொய் சொல்லல சார், சத்தியமா. மொத வருஷம் வாயே தொறக்கல. அப்புறம் ஒருத்தருகிட்ட "ஓடுனோம்"னு சொன்னேன். அடுத்த ஆளுகிட்ட "இழுத்துகிட்டு ஓடுனேன்". கேக்குறவங்க ஐயோன்னு வாயப் பொளந்தா தண்ணி ஒரு அடி ஏறிடும். முட்டி, இடுப்பு, மார்பு. பந்தி அன்னிக்குக் கழுத்து வரைக்கும் வந்துருக்கும், அதுக்குள்ள ரசம் வந்துடுச்சு. அந்தக் கரையில எத்தன வீட்டுல உசுரு போச்சு. எங்களுக்கு ஒரு நகங்கூடப் பேரல. அதுல எனக்கு வீரம் கேக்குது. கண்ண மூடுனா இன்னிக்கும் மங்கலம் வளையலு என் உள்ளங்கையில அழுந்துறது தெரியுது. நடக்காத ஒண்ணு! அது எப்புடி வந்துச்சுன்னு ரேகா மேடம் சொல்லிருவாங்க. அத வச்சுகிட்டு நான் என்ன பண்ணணும்னு அந்த ஏழு மார்க்குல இல்லியே சார். அது என் டிபார்ட்மெண்டு. அங்கதான் முழிக்கிறேன்.

நாலு நாளா ஒத்திகை பாக்குறேன். "மச்சான், மனித ஞாபகங்கறது..."ன்னு ஆரம்பிச்சா பாடம் நடத்துற மாதிரியே வருது. கதவச் சாத்திட்டாருன்னா? பேசாம உள்ள எந்திரிச்சுப் போயிட்டாருன்னா எம்பொண்ணு கதி? ...அட, கடலூர் ஓ.டி. வந்துருச்சா, பழைய டவுனு. வேர்த்துக் கொட்டுது பாருங்க, இருங்க, தொடச்சிக்...

...

இது... ஊதாக் கட்டம். என் பேண்ட் பாக்கெட்டுலதான் இருந்துருக்கு. மடிப்புக் கூடக் கலையல.

போட்டேனே சார்! எக்கிப் போட்டது இன்னும் தோள்ல வலிக்குதே! ...எங்க எந்திரிக்கிறீங்க? மஞ்சக்குப்பம்னுதான டிக்கெட்டு எடுத்தீங்க? சரி, எறங்குங்க, நான் பேசுனதுக்கு எவனா இருந்தாலும் பாதியில எறங்கிருவான். ஒரு நிமிஷம், இதக் கேட்டுட்டுப் போங்க. அது உங்க சீட்டு சார். நான்தான் தப்பு. எல்லாரு எதுருலயும் உங்களப் பாத்துக் கத்திட்டேன். மன்னிச்சிருங்க.

...சார்! சார், வார்த்த வந்துருச்சு சார்! கேட்டீங்களா, இவ்ளோதான், இதான் மச்சான்கிட்ட சொல்லணும்! கண்டக்டரே, விசில் அடிக்காதய்யா, அவரு காதுல விழுந்துச்சான்னு பாக்கணும்!