தோகா பாலம் தாண்டிய காலை

– கயித்தை இழுக்காதண்ணே. தொங்கவிடு. அது உன் கையில இருக்குறதே தோகாவுக்குத் தெரியக்கூடாது.

– தெரியாட்டி எப்படிடி வரும்? ஸ்வாவா, இது குதிரை. உன் ஆட்டுக்குட்டி இல்ல.

– வருவா. முதல்ல அவ நெஞ்சுல ஒரு விரலை வை. தள்ளாதே. சும்மா வை.

– என்னத்த விரல்? போன குளிர்காலத்துல இந்த நெஞ்சாலதான் என்னைச் சுவத்தோட வச்சு நசுக்குச்சு. மூணு விலா எலும்பு போச்சு.

– அவளுக்கு இடது கண்ணு போனது அப்ப நமக்குத் தெரியாது. நீ அந்தப் பக்கமா சத்தமில்லாம வந்தே. மிரண்டுட்டா.

– நானும்தான் மிரண்டேன். இன்னிக்கும் மிரண்டுபோய்த்தான் நிக்குறேன். உன்னையும் அப்படி நசுக்கிட்டா? அதான் கால்நடை டாக்டரை வரச் சொன்னேன். பன்னண்டு மணிக்கு ஊசியோட வர்றார். ஒரே ஊசி, வலியில்லாம உயிர் போயிடும்.

– மணி இப்ப பத்துதான். விரலை வைண்ணே.

– வச்சுட்டேன்... ஏய், பின்னால போகுது!

– எடு, விரலை உடனே எடு! அவ ஒரு அடி நகர்ந்தா நீ விட்டுடணும். அதுதான் அவளுக்குக் கூலி.

– எதையோ மெல்லுதே. வாயில ஒண்ணுமில்லையே?

– யோசிக்கிறா. சும்மா இரு... பெருமூச்சு விட்டாளா?

– விட்டுச்சு. தலையும் கீழ இறங்குது. என்னத்தடி பண்ணினே இதை?

– ஒண்ணும் பண்ணல. முதல் வாரம் தொடவே இல்ல. நான் நடந்தா அவளும் நடந்தா, நான் நின்னா அவளும் நின்னா.

– உன் அண்ணியும் ஜன்னல்ல பார்த்துட்டுச் சொன்னா, ‘உன் தங்கச்சி அந்தக் குதிரைகூட நின்னு நின்னு கல்லாயிடுவா’ன்னு.

– கல்லானா பரவாயில்ல. இந்த ஊர்ல எங்க பார்த்தாலும் எரிமலைக் கல்லுதானே, ஒண்ணு கூடும். வா, பாலத்துக்குப் போலாம்.

– பாலமா? பைத்தியமா உனக்கு? ரெண்டு பலகை அகலம்! இந்த மூடுபனியில எனக்கே ஓடை எங்க இருக்குன்னு தெரியல. போதாததுக்கு வெந்நீர் ஊத்து ஆவி வேற.

– நீ முன்னால போ, அவ பின்னால வருவா. திரும்பிப் பார்க்காதே. பேசிக்கிட்டே போ.

– குதிரைகிட்ட நான் என்னத்தப் பேச?

– எதையாவது பேசு. உன் குரல் நிக்காம கேட்கணும், அவ்வளவுதான்.

– ம்... ஐஸ்லாந்து முழுக்க மேகமூட்டம். வடகிழக்குக் காத்து. கடலோரம் மதியத்துக்கு மேல தூறல்...

– ரேடியோ வானிலை அறிக்கையா! அண்ணி உன்கூட எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ!

– சிரிப்பு மூட்டாதடி. மேற்கே அலை ரெண்டு மீட்டர்... ஸ்வாவா, பலகையில குளம்புச் சத்தம் கேட்குது.

– ஏறிட்டா. நிறுத்தாதே.

– தெற்கே மிதமான... நின்னுடுச்சு. கயிறு இறுகுது. இழுக்கட்டுமா?

– வேண்டாம். நீயும் நில்லு. உன் மூச்சை விடு. அவளுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கட்டும்.

– பலகையை மோந்து பார்க்குற சத்தம் வருது. கீழே தண்ணி ஓடுறது பிடிக்கல போல. ஒண்ணுமில்லம்மா. தெற்கே மிதமான காத்து. நாளைக்கு வெயிலு வரும். வா. வா கண்ணு...

– வர்றாளா?

– வர்றா. என் தோள்ல மூச்சு விடுறா, சூடா இருக்கு. காலுக்கடியில புல்லு! ஸ்வாவா, தாண்டிட்டோம்டி!

– இப்ப ‘வர்றா’ன்னு சொன்னே. காலையிலேர்ந்து ‘அது’ன்னுதான் சொல்லிட்டிருந்தே.

– சொன்னா என்ன இப்ப? கனவுல நடந்த மாதிரி இருந்துச்சு. வானமும் தெரியல, தரையும் தெரியல. பின்னால இவ மூச்சு மட்டும்.

– டாக்டர்?

– இரு, போன் போடுறேன்... டாக்டர், ஓர்ரி பேசுறேன். இன்னிக்கு வரவேண்டாம். ஆமா, குதிரை இருக்கட்டும். சரிங்க... வச்சுட்டேன். ஆனா நீ எனக்கு ஒரு வாக்கு குடுக்கணும்.

– என்ன வாக்கு?

– வலது கண்ணுல கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கு, அதனாலதான் இப்ப நடந்தா. அதுவும் அணைஞ்சுட்டா உன்னை மிதிச்சுடுவா. வேணும்னு இல்ல, பயத்துல. அன்னிக்கு டாக்டரை வரச் சொல்லிடணும். கண்ணு போன அன்னிக்கே, மறைக்காம எங்கிட்ட வந்து சொல்லுவியா?

– ஆடுகளை மலையிலேர்ந்து இறக்குன வாரமே அந்தக் கண்ணும் போயிடுச்சுண்ணே. நாப்பது நாளா அவ முழு இருட்டுலதான் நடக்குறா. இப்ப பாலத்தைத் தாண்டினது உன் குரலைக் கேட்டுத்தான்.