இருநூத்தி அறுபது கிராம்

தண்ணி வேணாம் இன்ஸ்பெக்டர் மேடம், உக்காந்துக்குறேன். பின்னாடி ரூம்ல ஹம்சினிப் பாப்பா ரத்தத் துணியோட உக்காந்துக்கினு கீது, மொதல்ல அதுக்கு மாத்துத் துணி குடுக்கச் சொல்லுங்க. நானா? வசந்தி. திருவான்மியூர் குப்பம். காலைல மீன் விப்பேன், பத்து மணிக்கு மேல அந்தக் கம்பெனில கூட்டுறது, பெட்டி கட்டுறது. இன்னா பெட்டியா? நிலாவுக்குப் போற பெட்டி.

சிரிக்காதீங்க. நானும் மொத நாளு சிரிச்சவதான். நிலாவுக்கு ஆளு போய்த் திரும்பணும், அவங்களுக்குச் சரக்கு முன்னாடியே போய்ச் சேரணும். அதுக்குக் கம்பெனி மொதலாளி ஸ்ரீவத்சன் சாரு நாலு வருசமா பிளான் போட்டுக்கினு கீறாரு. பிளானு சரியா வருதான்னு பாக்க, குடோனுக்குள்ள ஒரு டப்பா வூடு கட்டி, பாப்பாவையும் அந்த பிரசாத்தையும் நாப்பது நாளுன்னு உள்ள உட்டுப் பூட்டிட்டாங்க. கதவுக்கு இந்தாண்ட திருவான்மியூரு, அந்தாண்ட நிலா. தொறந்தா காத்து பூடும், ஆளு செத்துடும், அப்டித்தான் நெனச்சுக்கணுமாம். வாரத்துல ரெண்டு வாட்டி ஒரு ஓட்ட வழியா சரக்குப் பெட்டி உள்ள போவும், குப்ப வெளிய வரும். கட்டுறவ நான்தான். ஒவ்வொண்ணா தராசுல வச்சு எழுதணும். ஒரு கிராம் கூட வந்தாலும் சாரு பிரிச்சுக் கொட்டச் சொல்லுவாரு. ராக்கெட்டு தூக்காதாம்.

பதினோராம் நாளு கூட்டிக்கினு கீறேன், செவுத்துக்கு அந்தாண்ட தொம்முனு ஒரு சத்தம். திரும்பத் தொம்மு. ஏதோ சாமான் வுயுதுன்னு கம்ப்யூட்டர் பாக்குறவன் சொன்னான். எனக்குத் தெரியாதா மேடம்? பன்னண்டு வருசம் புருஷன் கையில வாங்கினவ. மண்ட செவுத்துல மோதுற சத்தம் வேற, மூட்ட வுயுற சத்தம் வேற. பாப்பா ஆபத்துன்னா அமுக்குற செவப்பு பட்டன அமுக்கிச்சு. சாரு இன்னா பதில் அனுப்பினாரு தெரியுமா? பொறுமையா இரு, பிளான்படி திரும்புற கப்பல் இன்னும் இருவத்தொம்போது நாள் கயிச்சுத்தான்னு. நான் கால்ல வுயாத கொறையா கேட்டேன், கதவு கைக்கெட்டுற தூரத்துல கீது, தொறங்க சார்னு. கேமராவுல ஒண்ணும் தெரியலியே வசந்தின்றாரு. எப்டித் தெரியும்? சாமான் ரூம்ல கேமரா கெடையாது, அந்த பேமானி பிரசாத்து பாப்பாவ அங்க இட்டுக்கினு போய்த்தான் அடிப்பான். நெஜமா நிலாவுல இருந்தா ஓடிப்போய் தொறக்க முடியுமான்றாரு. இது நிலா இல்லியே சார்ன்னேன். உன் வேலயப் பாருன்னுட்டாரு.

அப்பவே உங்ககிட்ட வந்திருக்கலாம்தான். பாப்பா கையெழுத்துப் போட்டுத்தான் போச்சு, யாரும் நடுவுல வரக்கூடாதுன்னு ஒரு பேப்பரக் காட்டுனாங்க. படிக்கத் தெரியாதவ, நம்பிட்டேன். அது என் தப்பு.

செவ்வாக்கெழம குப்ப வெளிய வந்துச்சு. அத்தையும் எடை போடணும். கொட்டிப் பாத்தா ரத்தம் ஊறின துணி, அதுல சுருட்டி ஒரு பல்லு. முன்னம்பல்லு, வேரோட. சாரு கையில கொண்டுபோய் வச்சேன். தானா வுயுந்திருக்கும்னாரு. கழிவு, ஒரு கிராம்னு லிஸ்டுல எழுதிக்கினாரு. எனக்கு அன்னிக்கே அந்த ஆளு கொரவளையக் கடிக்கணும்போல இருந்துச்சு.

வெள்ளிக்கெழம சரக்கு போச்சு. இன்னிக்குக் காலைல இது நடந்துச்சு. பிரசாத்து வயித்துல மூணு குத்து, கயுத்துல ஒண்ணு. கதவுக்கு அடியில ரத்தம் வயிஞ்சு என் வெளக்குமாத்துக்கு வந்தப்புறம்தான் சாருக்கு நிலா மறந்துச்சு, ஓடிவந்து தொறந்தாரு. அவன் செத்துப் பூட்டான். எனக்கு வருத்தம் இல்ல, அத்தையும் எழுதிக்கோங்க.

இப்ப அவரு உங்ககிட்ட இன்னா சொல்லிக்கினு கீறாரு? சரக்கு எடை கிராம் பிசகல, அதனால கத்தி பெட்டில போவல, பொண்ணு மொத நாளே ஒளிச்சு எடுத்துக்கினு போய் பிளான் போட்டுக் கொன்னுச்சு. அதான? கத்தி ஏதுன்னா பாப்பாவும் வாயத் தொறக்க மாட்டேங்குது. அப்ப ஆயுசுக்கும் ஜெயிலுதானா மேடம் அதுக்கு?

சரி. அந்தக் கத்திய மேச மேல வைங்க, நான் தொடல. பிடியில பச்ச வல நூலு சுத்தி கீதா? சுறா வெட்டுறப்போ வயுக்காம இருக்க நான் சுத்தினது. எடை இருநூத்தி அறுபது. வெள்ளிக்கெழம தராசுல வச்சவளும் நான்தான், அரிசிப் பாக்கெட்டுக்குக் கீய வச்சுக் கட்டினவளும் நான்தான். அப்ப எடை எப்டிச் சரியா வந்துச்சுன்றீங்களா? இந்தாங்க, என் சோத்துப் பையத் தொறங்க. காபித்தூளு இருநூறு கிராமு, சோப்பு அறுபது. லிஸ்டுல கீது, நிலாவுக்குப் போவல.

பாப்பாவுக்குக் காபின்னா உசுரு. பெட்டியப் பிரிச்சப்பவே மீன் வாட அடிச்சிருக்கும், கத்தி யாருதுன்னு தெரியாமயா இருக்கும்? காலைலேர்ந்து கேக்குறீங்க, என் பேரச் சொல்லல பாருங்க. பல்லு போன வாயி மேடம், வலிக்கும். இனிமே அத்தப் பேச வெக்காதீங்க.