ஹாகன் துப்பாக்கிக்கு நான் தலையாட்டியது

பழைய ராணுவத் துப்பாக்கியை வாங்குமுன் மோந்து பார்க்க வேண்டும், ஷெரிப் தம்பி. குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பெரிய ஆள்போல உதட்டைப் பிதுக்குகிறவர்கள்தான் அதிகம். நான் துப்பாக்கியின் மரக்கட்டையில் மூக்கை வைப்பேன். ராணுவத்தில் பூசிய ஆளிவிதை எண்ணெய் மணந்தால் நல்ல பிள்ளை. வார்னிஷ் நாறினால் எவனோ கைவைத்திருக்கிறான்.

எங்கள் மான்டானாவில் அப்படிக் கைவைப்பதில் மன்னன் லைல் ஹாகன். பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி. போர்க்களம் கண்ட துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்புத்தாளால் தேய்த்து, சாப்பாட்டு மேசைபோல ஆக்கிவிடுவான். ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியின் கட்டையில், பதுங்குகுழியில் கிடந்த எவனோ ஒரு சிப்பாய் தன் பெண்டாட்டி பெயரைக் கத்தியால் செதுக்கியிருந்தான். அதையும் தேய்த்தான்.

"பாரு டுவெட், உன் வழுக்கையைவிட மினுக்குது" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. அவன் தந்த காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இந்த வசந்தத்தில் கண்காட்சித் திடலில் துப்பாக்கிச் சந்தை கூடியது. நான் தலையாட்டாமல் எங்கள் துப்பாக்கிச் சங்கத்து ஆட்கள் எதையும் வாங்குவதில்லை. லைல் ஒரு பழைய ரஷ்யத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எல்லாப் பாகத்துலயும் ஒரே நம்பர்டா! ஒண்ணைக்கூட மாத்தலை!"

எங்கள் ஆட்களுக்கு எண் ஒத்துவிட்டால் போதும், அதற்குமேல் கண் தெரியாது. எனக்குத் தெரிந்தது. தோட்டா உட்காரும் இடத்தின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"வாங்கினா கட்டையைத் தேய்ப்பியா?" என்று கேட்டேன். நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் பாருங்கள்.

"பின்னே? அழுக்கோட வச்சுக் கொஞ்சவா?"

நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சுடுதிடலுக்குக் கொண்டுவந்தான். கட்டையில் உப்புத்தாள் படவே இல்லை. பழைய எண்ணெயும் அழுக்கும் அப்படியே இருந்தன.

"உனக்காகத்தான் விட்டுட்டேன், கிழவா. அன்னிக்கு உன் மூஞ்சியப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. இந்தா, முதல்ல நீயே சுடு."

அவன்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. தோள் வலிக்கிறது என்று சொல்லி, நன்றாகப் பின்னால் போய் நின்றேன். அவன் படுத்து, தோட்டாவைப் போட்டு, கன்னத்தைக் கட்டையோடு சேர்த்து வைத்தான்.

அடக்கத்தின்போது பெட்டியைத் திறந்துவைக்கவில்லை. நீங்களும் வந்திருந்தீர்களே.

'நிறுத்து' என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருக்கலாம். விரிசல் எனக்குத் தெரியும், அது அவன் முகத்தில்தான் வெடிக்கும் என்பதும் தெரியும், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குறிபார்த்துக்கொண்டிருப்பவனிடம் பேச்சுக் கொடுப்பது எங்கள் சங்கத்தில் மரியாதைக் குறைவு. லைலிடம் நான் ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதில்லை.