கஸ்மியாத்தி கஸ்மியாத்தி

உங்கள் கணினித் திரை என் பக்கம் திரும்பியிருக்கிறது, ஐயா. வேண்டுமென்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. படிக்காத அஞ்சல்கள் மலைபோலக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் சூதாட்டக்காரர்கள் அனுப்பியவை. சற்றுமுன் அதில் ஒன்றைத் திறந்து, 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினீர்கள். அதைச் செய்யாதீர்கள். தெரிந்த கடை என்றால் சரி. முன்பின் தெரியாதவன் அனுப்பியதில் அழுத்தினால், இந்த முகவரியில் உயிரோடு ஓர் ஆள் இருக்கிறான் என்று நீங்களே அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

கடைகண்ணிக்கு ஒரு முகவரி, வேலைக்கு ஒரு முகவரி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முகவரியைப் பொது இடத்தில் ஒட்டாதீர்கள். ஒட்டியதால்தான் எங்கள் நிறுவனத்துக்கு வினை வந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் அதுதான்.

'சமுத்ர பக்தி' மாலாங் நகரில் ஓரளவு பெயருள்ள நிறுவனம். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, தைவானுக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறோம். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். விமானம் ஏறும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஓர் அட்டை கொடுப்போம். ஏதாவது கஷ்டம் என்றால் எழுத வேண்டிய மின்னஞ்சல் முகவரி அதில் இருக்கும். எங்கள் முதலாளி பாக் ஹெந்தார்த்தோவுக்கு அந்த முகவரியில் ஒரு பெருமை. அதை இணையதளத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட வைத்தார். அப்படிக் கிடக்கும் முகவரிகளைப் பொறுக்குவதற்கென்றே இயந்திரங்கள் அலைகின்றன. பொறுக்கிக்கொண்டு போயின. அப்புறம் குப்பை வந்து கொட்ட ஆரம்பித்தது.

அந்தப் பெட்டிக்கு வருவதையெல்லாம் படிப்பவள் யாயுக் அக்கா. என்னைவிட மூத்தவள். தெம்பே வறுவலைக் கொறித்துக்கொண்டே படிப்பாள்; ஒன்றை விடமாட்டாள். புகார் உண்மை என்று பட்டால் தைவான் தரகனுக்குப் போன் போட்டு, அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்கு மாற்றும்வரை அவனை உட்காரவிடமாட்டாள். அவளே ஒருநாள் கையை விரித்தாள்.

"வாகிமின், நேத்து ஒருத்தன் என்னைக் கோடீஸ்வரி ஆக்கிட்டான்பா. இன்னிக்கு உடம்பு இளைக்க மருந்து அனுப்பியிருக்கான். காசு வந்ததும் நான் குண்டாயிட்டேன்னு எவனோ போட்டுக் குடுத்திருக்கான்."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குவியலுக்குள் ஒரு பெண்ணின் நிஜமான புகார் புதைந்துபோய், அவளுடைய அப்பா வரவேற்பறையில் வந்து நின்று கத்தினார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "குப்பையக் குறைக்கிறியா, இல்ல ஆளக் குறைக்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் சோம்பேறி அல்ல. முதலில் சொற்களை வைத்துத் தடுத்துப் பார்த்தேன். அவர்கள் எழுத்துக்கு நடுவே எண்ணைச் செருகி அனுப்பினார்கள். அனுப்பும் இடங்களைத் தடுத்தேன். இடம் மாற்றினார்கள். பிறகுதான் பெயர்களைக் கவனித்தேன். ரூடி ரூடி. தேவி தேவி. ஆள் இல்லாத பெயர்கள், இயந்திரம் இட்டவை. முதற்பெயரும் கடைசிப் பெயரும் ஒன்றாக இருந்தால் குப்பைப் பெட்டிக்குப் போ என்று விதி எழுதினேன். ஒரே வரி. மறுநாள் காலையில் யாயுக் அக்காவின் பெட்டி பெருக்கித் தெளித்த வாசல் போல இருந்தது.

முதலாளி விருந்துக்கு மஞ்சள் சோற்றுக் கூம்பு வரவழைத்தார். அன்றைய பெரிய மனிதனுக்கென்று இருக்கும் கூம்பின் உச்சியை வெட்டி என் தட்டில் வைத்தார். பதினைந்து வருட வேலையில் அந்த உச்சி எனக்குக் கிடைத்தது அன்றுதான்.

உங்கள் போலீஸ் சட்டையின் பெயர்ப்பட்டையில் 'சுகியார்தோ' என்று மட்டும் இருக்கிறது. ஆகவே அடுத்ததை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஜாவாக் கிராமங்களில் பிறந்தவர்களுக்கு ஒரே பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் உலகத்தில் எந்தப் படிவமும் இரண்டு கேட்கிறது. இரண்டாம் கட்டம் காலியாக இருந்தால் கணக்குத் திறக்காது. நாம் என்ன செய்வோம்? அதே பெயரை மறுபடி எழுதுவோம்.

பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுப்பவனும் நான்தான். வகுப்பில் நின்று, "பேரை ரெண்டு தடவை எழுதுங்க" என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். பிளித்தார் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு தடவை எழுதினா ரெண்டு சம்பளம் குடுப்பாங்களா அண்ணே?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. "ரெண்டு ஆள் வேலை குடுப்பாங்க" என்றேன் நான். அதற்கும் சிரித்தார்கள்.

அவள்தான் கஸ்மியாத்தி. திரையில், கஸ்மியாத்தி கஸ்மியாத்தி.

விதி எழுதும்போது இந்தப் பெண்களை மறந்துவிட்டேன் என்று உங்களிடம் முதல்நாள் சொன்னேன். அதை அப்புறம் பார்ப்போம்.

சில வாரம் கழித்து யாயுக் அக்கா என் அறைப்பக்கம் வந்து நின்றாள். "ஏம்பா, பொண்ணுங்க எழுதுறதே கொறஞ்சு போச்சே. எல்லாரும் நல்லாத்தான் இருக்காளுங்களா?"

"நல்லா இருந்தா எதுக்குக்கா எழுதப்போறாங்க" என்றேன்.

அவள் யோசித்துக்கொண்டே போனாள். முதலாளிக்கு யோசனை எதுவும் இல்லை. புகாரே இல்லாத நிறுவனம் என்று தைவான் தரகர்களிடம் சொல்லிச் சொல்லி இன்னும் நிறையப் பெண்களுக்கு இடம் பிடித்தார். எனக்குக் கதவுள்ள தனி அறை கிடைத்தது.

குப்பைப் பெட்டியை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும், ஐயா. நல்ல அஞ்சல் தவறிப்போய் அதில் விழுந்திருக்கும். இதை எல்லாருக்கும் சொல்லுவேன். நானும் பார்த்தேன். சூதாட்டத்துக்கும் இளைக்கும் மருந்துக்கும் நடுவில் எங்கள் பெண்கள் இருந்தார்கள். சுமியாத்துன் சுமியாத்துன். ஜுமைனா ஜுமைனா. கஸ்மியாத்தி கஸ்மியாத்தி.

கஸ்மியாத்தி பார்த்துக்கொண்டது படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியை. பகலில் கிழவி, இரவில் அந்த வீட்டு மகனுடைய உணவுக்கடையில் பாத்திரம். ஆக, இரண்டு ஆள் வேலைதான். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். கிழவியின் பலகைக் கணினியில் ஒளிந்து எழுதினாள். மகன் கை நீட்டுகிறான் என்று எழுதியிருந்தாள். ஒரு காது கேட்கவில்லை என்று எழுதியிருந்தாள். வேறு வீடு மாற்றிக்கொடுங்கள், இல்லாவிட்டால் ஊருக்கு வரவழைத்துவிடுங்கள். அவ்வளவுதான் கேட்டாள்.

அதை எடுத்து யாயுக் அக்காவின் பெட்டியில் போட எனக்கு ஒரு விரல் அசைவு போதும். போட்டால் மற்றவற்றையும் போட வேண்டும். எல்லாம் ஒரே நாளில் வந்து விழுந்தால், இத்தனை நாள் எங்கே இருந்தன என்று அக்கா கேட்பாள். விதி தப்பு என்பார்கள். விதியை எடுத்தால் குப்பை திரும்ப வரும். குப்பை வந்தால் எல்லாருடைய புகாரும் புதையும். நான் பொதுவான நன்மையைத்தான் யோசித்தேன்.

ஆனாலும் அவர்களை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பதில் கிடைக்காதவர்கள் மறுபடி மறுபடி எழுதுகிறார்கள், கிடைத்தால் அமைதியாகிவிடுவார்கள். அதனால் அந்தப் பெண்களின் அஞ்சல்களுக்கு மட்டும் இயந்திரமே பதில் போடும்படி செய்தேன். 'உங்கள் புகார் கிடைத்தது. நடவடிக்கை எடுத்து வருகிறோம். இருக்கும் இடத்திலேயே பொறுமையாக இருக்கவும்.' மரியாதையான வாசகம். நானே அமைத்தது. அஞ்சல்கள் மளமளவென்று குறைந்தன.

கஸ்மியாத்தி அதற்கு நன்றி எழுதினாள். 'ரொம்ப நன்றி அண்ணா, அக்கா எல்லாருக்கும். நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் தெம்பா இருக்கு.' புகார் அல்ல, பாருங்கள். அதை நான் குப்பையில் விடவில்லை. எடுத்து நல்ல பெட்டிக்கு மாற்றினேன். அந்தப் பெட்டியிலிருந்து நான் மீட்டது அந்த ஒன்றைத்தான். யாயுக் அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி அச்செடுத்து வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். புதிதாக வரும் பெண்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் அவள் இறந்துபோனாள். மகன் தள்ளினானா, அவளே விழுந்தாளா என்று அங்கே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். விழுந்த மாடிப்படியின் படத்தைக் காட்டினீர்கள். நான் பார்த்தேன்.

அவளுடைய தங்கை வினார்னி அலுவலகத்துக்கு வந்தாள். அழுதுகொண்டு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அக்கா ஏதாவது எழுதினாளா என்று கேட்டாள். யாயுக் அக்கா தன் பெட்டி முழுவதையும் திறந்து காட்டினாள். புகார் என்று ஒன்றுகூட இல்லை, அம்மா, எழுதியிருந்தால் நான் விட்டிருப்பேனா என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். வினார்னி எழுந்தாள். கிளம்பப்போகிறாள் என்று நினைத்தேன். சுவர்முன் போய் நின்றுவிட்டாள். மெதுவாகப் படித்தாள்.

"நன்றி சொல்லியிருக்கா."

"ஆமாம்மா" என்றாள் யாயுக் அக்கா.

"எதுக்கு?"

யாயுக் அக்கா சட்டத்துக்குப் பக்கத்தில் வந்து தானும் ஒருமுறை படித்தாள்.

"எங்கக்கா சும்மா நன்றி சொல்ற ஆளு கெடையாது. ஏதோ கேட்டிருக்கா. நீங்க ஏதோ சொல்லியிருக்கீங்க. அது எங்க?"

படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்தச் சட்டத்தின்முன் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

முதலாளி யாயுக் அக்காதான் அழித்துவிட்டாள் என்றார். அக்காவை நீங்கள் மூன்று நாள் இங்கே உட்கார வைத்திருந்தீர்கள். அவளுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம், ஆனால் யாரும் என்னை நேரடியாகக் கேட்கவில்லை.

உங்கள் கணினிப் பிரிவுப் பெண் கெட்டிக்காரி. விதியைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. அதன் வாலில் இருந்த விலக்கையும் கண்டுபிடித்தாள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் குப்பை, 'வாகிமின் வாகிமின்' தவிர. என் வீட்டுக் கணக்கிலிருந்து நான் அலுவலகத்துக்கு அனுப்புவது தடைபடக்கூடாது அல்லவா. விதி எழுதிய அன்றைக்கே, அதே நிமிடத்திலேயே விலக்கும் எழுதப்பட்டிருக்கிறது என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் உனக்கு அன்றைக்கே தெரியும் என்றீர்கள் நீங்கள்.

தெரியும். என் பெயர் நினைவுக்கு வந்தபோது அவர்கள் பெயரும் வந்தது. கொஞ்ச நேரம் யோசித்தேன். பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விலக்கில் சேர்க்கப் பொழுது பிடிக்கும். முதலாளி மறுநாள் காலைக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்.

இன்று காலையில் அவள் இன்னொன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள் போலிருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. கஸ்மியாத்திக்குப் போன பதில்களில் ஒன்று மட்டும் உடனே போகவில்லை, தாமதித்துப் போயிருக்கிறது. இயந்திரம் தாமதிக்காது. ஆகவே மனிதக் கை.

ஆம், என் கைதான்.

அவளுடைய கடைசி அஞ்சல் அது. மேல்மாடி வீட்டில் நம் துலுங்காகுங் ஊர்க்காரி ஒருத்தி வேலை செய்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. தன்னோடு வந்தால் ஓடிவந்த பெண்களைத் தங்கவைக்கும் விடுதிக்குக் கூட்டிப்போய்விடுகிறேன் என்றாளாம். கஸ்மியாத்தி என்னிடம் யோசனை கேட்டிருந்தாள். 'நான் இவளோட போயிடட்டுமா அண்ணே, இல்ல நீங்க வர்றவரைக்கும் இருக்கட்டுமா? நீங்க சொல்றபடி செய்யறேன்.'

இதற்கு இயந்திரத்தின் பதில் பொருந்தாது. கேள்வி கேட்டிருக்கிறாள், பதில் சொல்ல வேண்டும். விடுதிக்குப் போனால் அங்கே விசாரிப்பார்கள். யாருக்கு எழுதினாய், என்றைக்கு எழுதினாய் என்பார்கள். அவள் எடுத்துக் காட்டுவாள். மற்ற பெண்களும் காட்டுவார்கள். விதி, அறை, எல்லாம் போகும். டீ வாங்கிக் குடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

'இரு' என்று எழுதினேன். ஒரே சொல். அவளுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து அஞ்சல் எதுவும் வரவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான், ஐயா, நான் எடுத்துக்கொண்டேன்.