காசிப் என்றொரு சொந்தம்

மணியடித்தால்தான் நான் பேச்சை நிறுத்துவேன் என்று தெரிந்தும் தலைமையேற்றிருக்கும் போதகர் வால்டர் அவர்களே! வடகடலோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய பெரியோர்களே! என் கையில் பிள்ளை பெற்ற தாய்மார்களே! மருத்துவச்சி வினிஃப்ரெடின் மாலை வணக்கம்.

வரும் ஞாயிறன்று மேவிஸின் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் யார்? ஊரே கேட்கிறது. பதில் என்னிடம் இருக்கிறது. பொறுங்கள், முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

காசிப்! வம்பு என்கிறோம், வாயாடிகளின் வேலை என்கிறோம். நம் டோர்கஸுக்கு அது பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. சிரிக்காதீர்கள், அவளும் இங்கேதான் இருக்கிறாள்! "கல்யாணமாகி அஞ்சு மாசம், வயித்தப் பாத்தா எட்டு மாசம். கணக்கு இடிக்குதே!" என்று இவள் மீன்சந்தையில் சொன்னது மேவிஸின் காதுக்குப் போனது. அன்று முதல் அவள் யாருக்கும் கதவு திறக்கவில்லை. கணவனோ கடலில்.

வலி கண்ட நாளில் முழங்காலளவு பனி. நான் போனபோது வாசலில் கரிவாளியோடு டோர்கஸ்!

"அந்தம்மா உள்ள வரக் கூடாது!" என்று கத்தினாள் மேவிஸ்.

"திட்டு தாயி, நல்லாத் திட்டு. அடுப்ப மூட்டிட்டுப் போயிடுறேன்."

போனாளா? போகவில்லை! ஒன்பது மணிநேரம் மேவிஸின் கையைப் பிடித்தபடி பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் பயத்தை மறந்ததே அந்தப் பேச்சில்தான். கடைசியில் சொன்னது... சொல்லலாமா டோர்கஸ்? தலையாட்டுகிறாள், சொல்கிறேன்.

"எம் மூத்தவனும் கல்யாணமான ஆறாம் மாசமே பொறந்தவன்தான் தாயி. அத மறைக்கத்தான் ஊர்க்கதையெல்லாம் பேசித் திரிஞ்சேன். மன்னிச்சிரு."

அந்த வலியிலும் மேவிஸ் சிரித்தாள் ஐயா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்பர்களே! பல நூறாண்டுகளுக்கு முன், பேறுகால அறையில் துணையிருந்த தோழியரைத்தான் காசிப் என்றார்கள். அதற்கும் முன்னே? பிள்ளைக்கு ஞானத்தாயாய், ஞானத்தந்தையாய் நின்றவர்களை! கடவுளின் பெயரால் உறவானவர்களை! உறவுக்குப் பிறந்த சொல்லை வம்புக்கு வாழ்க்கைப்படுத்தியது யார்? நாம்தான், நாமேதான்!

மேவிஸ் சொல்லச் சொன்ன செய்தி இதுதான்: "டோர்கஸக்கா, எம் பொண்ண நீங்கதான் ஏந்திக்கிட்டு நிக்கணும்."

என்ன டோர்கஸ், அழுகிறாயா? விடுங்கள், அழட்டும். மேவிஸ், பிள்ளையைக் கொண்டுபோய் அவள் மடியில் கொடம்மா.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!